நிற்கும்போது மூளையைப் பார்ப்பது எப்படி: ஸ்கேனரா, மின்முனையா, ஒளியா?

1997இல் ஸ்வீடனின் உமியோ நகர ஆய்வாளர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு கூடவே நடந்து, பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் கீழே விழுந்தார்கள். கருவி ஒன்றும் கிடையாது. நடையும் பேச்சும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதை வெறும் கண்ணே காட்டிவிட்டது. அந்தப் பங்கீடு மூளையில் எங்கே, எந்தக் கணத்தில் நடக்கிறது என்று கேட்டால்தான் கருவி வேண்டும்.

ஸ்கேனரை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். மூளையின் ரத்த ஓட்டத்தைக் காந்தப்புலத்தால் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அங்கே சமநிலைக்கு என்ன வேலை? 2004இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், நிற்பதாகவும் நடப்பதாகவும் ஓடுவதாகவும் கற்பனை செய்யச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் விழும் பயம் இல்லாத நிற்றல் அது. 1999இல் ஜப்பானியர்கள், கதிரியக்க மருந்தைப் பின்தொடர்ந்து படமெடுக்கும் பெட் ஸ்கேனரையே நிற்பவரின் தலைக்குக் கொண்டுபோனார்கள். சமநிலையைக் கவனிக்கும் சிறுமூளையின் பங்கு அதில் தெரிந்தது. ஆனால் அந்த மருந்தை உடம்பில் ஏற்ற வேண்டும், நொடிக்கு நொடி மாறுவதும் பிடிபடாது.

ஆகவே உண்மையான போட்டி, தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதியும் இஇஜிக்கும், ஒளியால் அளக்கும் எஃப்நிர்ஸுக்கும்தான்.

1924இல் ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையில் முதலில் பதிவு செய்த அதே மின்னலைகள்தான் இன்றைய இஇஜியும். அதன் பலம் நேரம். நிற்கும் பலகையைச் சட்டென்று இழுத்தால், 100 முதல் 200 மில்லிநொடிக்குள் உச்சந்தலையில் ஒரு பெரிய எதிர்மின் அலை எழும். அதற்கு என்1 என்று பெயர். கனடாவில் ஒரு குழு, திரையில் ஒரு குறியைக் கையால் பின்தொடரும் வேலையைக் கொடுத்துக்கொண்டே பலகையை அசைத்தது. என்1 சிறுத்துப்போனது. எப்போது தள்ளப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்தாலோ, அந்த அலை ஏறக்குறைய காணாமலே போகிறது. கவனம் அலையின் உயரத்தில் தெரிகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று நான் பார்த்ததில்லை.

தொல்லைகளும் உண்டு. தாடையும் கழுத்தும் அசைந்தால் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை மூழ்கடித்துவிடும். கவனத்தைப் பிரிக்க ஒரு கணக்கு கொடுத்தாலும், வாய்விட்டு எண்ணச் சொல்ல முடியாது, மனதுக்குள்தான். அப்புறம் தேங்காய் எண்ணெய்! அது இருந்தால் மின்முனை தலையில் சரியாகப் பதியாது. தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்ல வேண்டும்.

எஃப்நிர்ஸ் தலைக்குள் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது. 1977இல் ஃபிரான்ஸ் ஜோப்சிஸ் என்ற ஆய்வாளர் காட்டிய வழி இது. நடந்தாலும் திரும்பினாலும் அவ்வளவாகக் குழம்பாது. ஆனால் ரத்த ஓட்டம் உச்சம் தொட ஐந்தாறு நொடி ஆகும். அதற்குள் விழுந்தவர் எழுந்தே விட்டிருப்பார். ஒளி மூளையின் வெளி அடுக்கான மேற்பட்டையோடு நின்றுவிடும், சிறுமூளை எட்டாது. எழுந்து நின்றாலே தலைத்தோலின் ரத்த ஓட்டமும் மாறும். அதைக் கழிக்க, ஒளிமூலத்துக்கு மிக அருகில் இன்னொரு உணரி வைக்க வேண்டும். இதைச் செய்யாத ஆய்வை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அடர்ந்த கருமுடி ஒளியை விழுங்கிவிடும். அதனால் முடியில்லாத நெற்றியை மட்டும் அளந்துவிட்டு, கவனம் அங்கேதான் இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. 2011இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வில், பேசிக்கொண்டே நடந்தபோது நெற்றிப்பகுதி ஆக்ஸிஜன் கூடியது. முதியோரைவிட இளையோருக்கு அதிகமாக. சரி, கூடினால் சிரமமா, திறமையா? எண் மட்டும் அதைச் சொல்லாது.

என் கணக்கு இது: திடீர்த் தள்ளலுக்கு யோசிக்காமல் இஇஜி, நிமிடக்கணக்கில் நடப்பதற்கு எஃப்நிர்ஸ். எதை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். 100லிருந்து ஏழு ஏழாக மனதுக்குள் குறைக்கச் சொல்லி, முடிவில் எந்த எண்ணில் இருந்தார் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். சிலர் 86லேயே நின்றிருப்பார்கள். கணக்கைக் கைவிட்டுக் காலைக் காப்பாற்றிக்கொண்டார் என்பது அந்தத் தாளில்தான் தெரியும்.