புஷ் பிரஸா, ஸ்ட்ரிக்ட் பிரஸா, ஜெர்க்கா? மணிக்கூடு ஓடும்போது எது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஜிம்முக்குப் போகிற பொடியள் கூடக் கூட இந்த வாக்குவாதமும் கூடிக்கொண்டு போகிறது. பாரை, அதாவது தட்டுப் பூட்டிய இரும்புத் தண்டை, தலைக்கு மேலே தூக்குவதென்றால் காலால் உந்தாமல் தூக்க வேண்டும், மற்றதெல்லாம் ஏமாற்று என்பது ஒரு கட்சி. தனிப் பலத்தை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் மணிக்கூட்டை ஓடவிட்டு மூச்சு வாங்க வாங்கச் செய்கிற பயிற்சியில் என் வாக்கு, காலால் கொஞ்சம் உந்தித் தூக்குகிற புஷ் பிரஸுக்குத்தான்.

ஸ்ட்ரிக்ட் பிரஸில் முழங்கால் மடங்கவே கூடாது, தோளும் கையும்தான் முழுப் பாரத்தையும் தள்ளுகின்றன. தோள் தசை தொடைத் தசையளவு பெரியதில்லை, சீக்கிரம் களைத்துவிடும். நாலைந்து தரத்துக்கு நல்ல பயிற்சி. இருபது முப்பது தரம் என்று வரும்போது பார் நெற்றிக்கு நேரே வந்து நின்றுவிடும், மூச்சு மிச்சமிருக்கும், கால் சும்மா இருக்கும், தோள் ஆறும்வரைக்கும் ஆள் பாரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி நிற்க விருப்பமில்லாதவர் நெஞ்சை வானத்துக்குக் காட்டி நாரியை வளைத்துத் தள்ளுவார், அதுதான் இன்னும் மோசம். ஒலிம்பிக் பளுதூக்கலிலும் இதே கதைதான்: பின்னால் சாய்ந்து தூக்குவது மிதமிஞ்சிப்போய், எது சரியான பிரஸ் என்று நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாத நிலை வந்தது. 1972 மியூனிக் போட்டியோடு அந்தத் தூக்கையே எடுத்துவிட்டார்கள்.

புஷ் பிரஸில் முழங்காலை ஒரு சாண் அளவுக்குக்கூட இல்லாமல் மடக்கி, உடனே நிமிர்ந்து, அந்த வேகத்தில் பார் தோளை விட்டு எழும்பிய பிறகுதான் கை வேலை தொடங்குகிறது. நெல் மூட்டையைப் பெட்டியில் ஏற்றுகிற ஆட்களைக் கவனியுங்கள், ஒருவரும் வெறும் கையால் ஏற்றுவதில்லை, முழங்காலால் ஒரு எத்து எத்தித்தான் ஏற்றுவார்கள். இங்கே பார் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. உள்ளங்கையில் தொங்கினால் காலின் வேகம் முழங்கையிலேயே செத்துவிடும். பார் தோள் தசையின் மேல் உட்கார வேண்டும், முழங்கை பாருக்குக் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும், இறங்கும்போது குதிக்கால் நிலத்தை விட்டு எழும்பக் கூடாது, நெஞ்சு முன்னுக்குச் சரியக் கூடாது. சரிந்தால் பார் முன்னால் ஓடும், அதைப் பிடிக்கிற வேலை நாரிக்குப் போய்விடும்.

அப்புறம் புஷ் ஜெர்க். உந்திய பிறகு இரண்டாந்தரம் முழங்காலை மடக்கிப் பாருக்குக் கீழே புகுந்துகொள்வதால், மூன்றிலும் கூடிய பாரம் இதில்தான் போகும். மணிக்கூட்டை ஓடவிட்டுச் செய்கிற கிராஸ்ஃபிட் முறையில், டிடி என்ற பயிற்சியில் ஆண்களுக்கு ஏறக்குறைய 70 கிலோ, சுற்றுக்கு 6 ஜெர்க், 5 சுற்று. அந்தப் பாரத்துக்கு ஜெர்க்தான் சரி. ஆனால் இரும்புத் தட்டும் சீமெந்துத் தரையும் உள்ள இடத்தில் பாரை மேலிருந்து போட முடியாது, ஒவ்வொரு தரமும் முழங்காலை மடக்கித் தோளிலேயே வாங்க வேண்டும். களைத்துப்போன ஆளின் காறையெலும்பில் 70 கிலோ இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ரப்பர் தட்டு இல்லாத இடத்தில் புதியவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கிராஸ்ஃபிட்டின் இன்னொரு பயிற்சியான ஃபைட் கோன் பேட்டில் புஷ் பிரஸை வைத்திருப்பதைப் பாருங்கள்: ஆண்களுக்கு 35 கிலோ அளவு, பெண்களுக்கு 25, ஒரு நிமிடம் முழுக்க. அந்தப் பாரத்தில் கால், தோள், மூச்சு மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே களைக்கும். நான் புஷ் பிரஸின் பக்கம் நிற்பது அதற்காகத்தான். கடைசித் தரங்களில் முழங்கால் தானாக இரண்டாந்தரம் மடங்கினால் அது ஜெர்க்காகிவிட்டது. எண்ணிக்கைக்காகச் செய்கிறவர் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை, தோளை வளர்க்க வந்தவர் பாரத்தைக் குறைக்கட்டும். ஸ்ட்ரிக்ட் பிரஸை நான் தள்ளி வைக்கச் சொல்லவில்லை, அதை வேறு நாளில், ஆறுதலாக, பாரமாகச் செய்யுங்கள், புஷ் பிரஸும் சேர்ந்து ஏறும்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் இதைச் செய்கிறவர்கள் விடியவே செய்துவிடுங்கள். 20 தரம் என்றால் ஒரே மூச்சில் போகாமல் 8, 7, 5 என்று உடையுங்கள், கை நடுங்க முதலே பாரைக் கீழே வையுங்கள்.