எம்ஜிபியா, டிஆர்6-ஆ? மேம்படுத்திய பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் எதை எடுப்பது

பிரிட்டனில் ‘முழுக்கப் புதுப்பித்து, மெக்கானிக்கலாக மேம்படுத்தியது’ என்று விற்பனைக்கு நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் எம்ஜிபி ரோட்ஸ்டரையும் டிரயம்ஃப் டிஆர்6-ஐயும் அடிக்கடி பார்க்கலாம். இரண்டும் மேல்மூடி மடியும், இரண்டு இருக்கை, பின்சக்கர ஓட்டம். வெளியே நின்று பார்த்தால் அண்ணன் தம்பி. ஜாக்கி போட்டு அடியில் தலையை நீட்டினால்தான் எவ்வளவு வேறுபட்டவை என்று தெரியும்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரானது. கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல். 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை எஸ்யு கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். தனி சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கோவென்ட்ரியில் 1976 வரை தயாரான டிஆர்6-க்கு 2498 சிசி, ஆறு சிலிண்டர், தனி சேசிஸ், பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன். பிரிட்டன் சந்தைக்கு வந்தவற்றில் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். வேகத்தில் ஒப்பீடே இல்லை: நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைலைத் தொட எம்ஜிபிக்கு 12 விநாடி, டிஆர்6-க்கு 8 விநாடியை ஒட்டி.

எம்ஜிபியில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் அல்ல, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ‘சில்’ என்ற பாடிப் பகுதி. வெளிச் சில், உள் சில், நடுவே இன்னொரு தகடு என மூன்றும் சேர்ந்துதான் வண்டியை வளையாமல் பிடிக்கின்றன. மலிவாக டிங்கரிங் செய்தவர்கள் துருப்பிடித்த வெளிச் சில்லின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டு அடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுவார்கள். ஒழுங்காகச் செய்ய முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், அல்லது அதன் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். அந்த நிலையில் எடுத்த படங்கள் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலான இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ஜாக்கி ஏற்றியபின் அந்தப் பக்கக் கதவு இறுகினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். துருவைப் பட்டியால் மூடிய வண்டியை விட, 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் செய்துவரும் புது பாடியில் கட்டிய வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது எவ்வளவோ மேல்.

எம்ஜிபி விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படுவது ஐந்து கியர் மாற்றம். ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 கியர்பாக்ஸைத்தான் பலரும் மாட்டுகிறார்கள். நான்கு சிலிண்டர் சியராவுக்கு வந்த பெட்டியில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.82. எம்ஜிபியில் சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்தான் லேகாக் ஓவர்டிரைவ்; அதன் பிற்கால வகையின் விகிதமும் அதே 0.82. ஆக, நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்று குறையப்போவதில்லை. ஓவர்டிரைவ் இல்லாத வண்டிக்கு ஐந்து கியர் உண்மையான லாபம். ஓவர்டிரைவ் நன்றாக வேலை செய்யும் வண்டியில் அதற்காக விலையைக் கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஓவர்டிரைவ் விழவில்லையா? யூனிட்டைக் குறை சொல்லும் முன் கியர் ஆயில் அளவு, சோலனாய்டு, வயரிங், கியர்பாக்ஸ் சுவிட்ச் எல்லாவற்றையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

எம்ஜிபியில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் ஒவ்வொரு பக்கமும் மூன்று கிரீஸ் நிப்பிள். 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி வைத்துக்கொண்டு கிரீஸ் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். புது டேம்பருக்கு (ஷாக் அப்சார்பர்) ரசீது காட்டுபவரிடம் இந்த கிரீஸ் கணக்கையும் கேளுங்கள்.

டிஆர்6-இல் கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது, கிராங்க்‌ஷாஃப்ட்டின் த்ரஸ்ட் வாஷர், அதாவது கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் தகடு. பின்பக்க மெயின் பேரிங்கில் இரண்டு அரைவட்டத் துண்டுகள். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது; பாரம் முழுவதும் பின்பக்கத் துண்டின் மேல். அது தேய்ந்து மெலிந்தால் நழுவி ஆயில் சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க் நேராக எஞ்சின் பிளாக்கை அரைக்கும். சோதிப்பது எளிது: ஒருவர் கிளட்சை மிதித்து விட, இன்னொருவர் முன்பக்கப் புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கே அசைவு தெரிந்தால் டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 0.15 முதல் 0.20 மிமீ வரை நல்ல நிலை. 0.35-ஐத் தாண்டினால் அந்த எஞ்சினை ஓட்டவே கூடாது. சரியான நேரத்தில் பிடித்தால் சம்ப்பை மட்டும் இறக்கிப் புது வாஷர் போட்டுவிடலாம்.

இரண்டாவது, இன்ஜெக்‌ஷன். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் அழுத்தம், டிக்கியில் ஒரு லூகாஸ் பம்ப். வெயில் நாளில், டேங்க் காலியாகும் நேரத்தில் பம்ப் சூடேறி எஞ்சின் திக்கித் திணறும். பாஷ் பம்ப் மாட்டியிருந்தால் நல்ல மேம்பாடு. ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கலவை அளவு மீறி, சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு ஓடுகிறது. பளபளக்கும் எஞ்சின் அறையை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவது, பின்பக்க சேசிஸ். பின்சக்கரத்தைத் தாங்கும் ட்ரெய்லிங் ஆர்ம் சேசிஸைப் பிடிக்கும் இடங்கள் துருப்பிடிக்கும், டிஃபரன்ஷியலைத் தாங்கும் ஆணிகள் விரிசல் விடும். ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது பின்னாலிருந்து ‘டக்’ என்று சத்தம் வந்தால் அந்த ஆணிகளைப் பாருங்கள். வளைவில் பின்பகுதி திடீரென்று உதறினால் டிரைவ் ஷாஃப்ட்டின் நீண்டு சுருங்கும் பல் இணைப்பு (ஸ்ப்ளைன்) ஒட்டிப் பிடிக்கிறது. சிவி ஜாயின்ட் ஷாஃப்ட் அதற்குச் சரியான தீர்வு.

சேசிஸ் எண்ணின் முதல் எழுத்துகளையும் பார்க்க வேண்டும். சிபி என்றால் 150 குதிரைத்திறன் என அறிவிக்கப்பட்ட இன்ஜெக்‌ஷன் வண்டி, சிஆர் என்றால் பின்னால் வந்த 125. சிசி அல்லது சிஎஃப் என்றால் அமெரிக்காவுக்குப் போன கார்புரேட்டர் வண்டி, 105-ஐ ஒட்டித்தான். அமெரிக்க வண்டியில் வலப்பக்க ஸ்டியரிங்கும் இன்ஜெக்‌ஷனும் மாட்டி விற்பதில் தவறில்லை. சிபி விலை கேட்டால்தான் தவறு.

பிரிட்டனில் 40 வயது கடந்த வண்டிக்குச் சாலை வரியும் எம்ஓடி என்ற ஆண்டு வாகனத் தகுதி ஆய்வும் விலக்கு. ஆனால் கடந்த 30 ஆண்டில் அடிப்படை மாற்றம் செய்திருந்தால் ஆய்வு விலக்கு போகலாம். வேறு கம்பெனியின் நவீன எஞ்சினை இறக்கிய எம்ஜிபி அந்த வகையில் மாட்டும். எலக்ட்ரானிக் இக்னிஷனோ ஆல்டர்னேட்டரோ போட்டதற்காக விலக்கு போகாது.

வாரம் தவறாமல் ஓட்ட, பாகம் எளிதில் கிடைக்க, தானே பானா பிடிக்க நினைப்பவருக்கு எம்ஜிபிதான் சரி. 1964 கடைசியில் வந்த, கிராங்கை ஐந்து இடத்தில் தாங்கும் ஐந்து பேரிங் எஞ்சின், ஓவர்டிரைவ், நேர்மையான சில் மூன்றும் இருந்தால் போதும். அந்த ஆறு சிலிண்டர் சத்தத்துக்காகவே வாங்குபவருக்கு எம்ஜிபி ஈடாகாது. அவர் டிஆர்6-ஐயே எடுக்கட்டும். இதே தரத்தில் உள்ள எம்ஜிபியை விட விலை கூடுதல்தான். வாங்கியதும் முதல் வேலையாகப் பெட்ரோல் ஹோஸ் அத்தனையையும் எத்தனால் தாங்கும், அந்த அழுத்தத்துக்கு உரிய தரத்தில் மாற்றிவிட வேண்டும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டன் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் 10% வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பர் அதில் வெடிப்பு விடும். 100 பவுண்டு அழுத்தத்தில் பெட்ரோல் ஒரு துளியாகச் சொட்டாது, பீய்ச்சி அடிக்கும்.