இடுப்பில் கட்டி இழுக்கும் நீச்சல் மிதவை: இருவர் சேர்ந்து கடலில் பழகுவோருக்கு ஒரு மதிப்புரை

நீண்ட தூரக் கடல் நீச்சலுக்குப் பழகத் தொடங்குகிறவர்கள் நீச்சல் கண்ணாடிக்கும் தொப்பிக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் காற்று மிதவையை வாங்கலாமா வேண்டாமா என்று மாதக்கணக்கில் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். தோழியும் நானும் சென்னைக்கு அருகிலுள்ள கோவளம் கடற்கரையில் பயிற்சிக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் இதைக் கட்டிக்கொண்டுதான் இறங்குகிறோம். நாங்கள் இணையத்தில் வாங்கியது 28 லிட்டர் கொள்ளளவுள்ள, ஆரஞ்சு நிறத்து, உள்ளே பொருள் வைக்க இடமுள்ள வகை. இதே வார்ப்பில் செய்த பையில் வெவ்வேறு பெயர்களை அச்சிட்டுப் பலரும் விற்கிறார்கள் என்பதால் வணிகப் பெயரைச் சொல்வதில் பயன் இல்லை.

பொருள் எளிமையானது. பிளாஸ்டிக் பூச்சுள்ள துணியாலான ஒரு பை. அதன் இருபுறமும் தனித்தனியாக வாயால் ஊதி நிரப்பும் இரண்டு காற்றறைகள். நடுவே வாயைச் சுருட்டிக் கொக்கி போட்டு மூடும் ஓர் அறை. அடியில் ஓர் இழுகயிறு. கயிற்றின் மறுமுனையில் இடுப்புப் பட்டை. ஊதி முடித்தால் ஒரு தலையணை அளவுக்கு வருகிறது. இரண்டு அறைகளில் ஒன்று ஓட்டையானாலும் மற்றொன்று மிதந்துகொண்டிருக்கும் என்பது இதன் அமைப்பில் உள்ள நல்ல யோசனை.

எங்கள் நோக்கம் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனை வரையிலான சுமார் 30 கிலோமீட்டர் நீச்சல். 1954-இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்திய நவரத்தினசாமி, 1966-இல் பாக் நீரிணையைக் கடந்த மிஹிர் சென், 1994-இல் சிறுவனாகக் கடந்த குற்றாலீசுவரன் என்று நீண்ட மரபு உள்ள நீர்ப்பரப்பு அது. அந்த நாளில் இந்த மிதவை எங்களோடு வராது. நெடுந்தூரக் கடல் நீச்சலில் உலகெங்கும் ஏற்கப்பட்ட வழக்கம் ஒரு நீச்சலுடை, ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி, உராய்வைத் தடுக்கும் களிம்பு என்பதோடு முடிந்துவிடுகிறது. மிதக்க உதவும் எதையும் பிடிக்கக் கூடாது, கூட வரும் படகையும் தொடக் கூடாது. மிதவை செய்யும் வேலையை அன்று படகு செய்யும். ஆனால் பயிற்சிக்கு இறங்கும் ஒவ்வொரு காலையிலும் படகு வைத்துக்கொள்ள எங்களால் முடியாது. டீசல் விலையும் ஆள் கூலியும் அப்படி. ஆகவே இந்தப் பொருளைப் படகு இல்லாத பயிற்சி நாட்களுக்குப் பொருந்துகிறதா என்ற ஒரே அளவுகோலால்தான் மதிப்பிட்டேன்.

முதலில் இது எது இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். விற்பனைப் பக்கங்களில் சிலர் இதை உயிர்காப்பு மிதவை என்று எழுதுகிறார்கள். பையின் மேலேயே இது உயிர்காக்கும் சாதனம் அன்று என்று அச்சிட்டிருக்கிறது. அச்சிட்டிருப்பதுதான் சரி. தசை பிடித்துக்கொண்டால் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க இது போதும். ஆனால் நினைவிழந்தவரின் முகத்தை இது நீருக்கு மேலே நிறுத்தாது. நீந்தத் தெரியாதவர் இதை நம்பி ஆழத்துக்குப் போகக் கூடாது. காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னைக் கரையில் கோடைக் காலைகளில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கடல் தட்டையாகவும் அமைதியாகவும் தெரியும். மிதவையைக் கட்டிக்கொண்டு சும்மா கிடப்பவரை அந்தக் காற்று சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். களைப்பாறுவதென்றால் மல்லாந்து கால் உதைத்துக்கொண்டே ஆறுவதுதான் எங்கள் வழக்கம்.

இதோடு சேர்த்து ஒன்று. மிதவை போகும் திசையை வைத்து நீரோட்டத்தைக் கணிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். காலியான மிதவை நீரின் மேல்பரப்பில் உட்கார்ந்திருப்பதால் நீரோட்டத்தைவிடக் காற்றுக்குத்தான் அதிகம் இணங்கும். வங்கக் கடலின் இந்தக் கரையில் கோடையில் நீரோட்டம் பொதுவாக வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடுகிறது. அன்றைய ஓட்டத்தை அறிய வலைக் கயிறு எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்ப்பதே மேல். அதைவிட மேல், கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் கேட்பது.

இனி இதன் முதன்மையான பயனாகிய கண்ணில் படுதல். நீந்துகிறவரின் தலை நீருக்கு மேலே ஒரு சாண் உயரம்கூட இருக்காது. விடியற்காலையில் கரை திரும்பும் ஃபைபர் படகின் பின்புறத்தில் நின்று இயந்திரத்தைத் திருப்புகிறவருக்கு, எதிரே வெயில் அடிக்கும்போது கறுப்புத் தொப்பி அணிந்த தலை தெரியவே தெரியாது. ஆரஞ்சு மிதவை தெரிகிறது. அது என்னவாகத் தெரிகிறது என்பதில் மட்டும் சிறு சிக்கல். ஒருநாள் ஒரு படகு வேகத்தைக் குறைத்து எங்களை நோக்கி நேராக வந்து நின்றது. உள்ளே இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: “இன்னாம்மா, எவன் வலையோன்னு பாக்க வந்தா, பொம்பள ஆளுங்க கீறீங்க!” வலை போட்ட இடத்தைக் காட்டத் தெர்மகோல் கட்டியையும் நிறம் பூசிய பிளாஸ்டிக் கேனையும் மிதக்க விடும் கடலில் இன்னொரு நிற மிதவையை அவர் வலை அடையாளமாகக் கொண்டது இயல்பே. வலை என்று நினைத்தாலும் படகு விலகித்தான் போகும், ஏனெனில் யாரும் வலை மேல் இயந்திரத்தை ஓட்ட மாட்டார்கள் என்று தோழி வாதிட்டாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தாலும், வலை அடையாளங்களில் காணக் கிடைக்காத அடர்ந்த இளஞ்சிவப்பே பாதுகாப்பானது என்பது என் முடிவு. மஞ்சள் வேண்டாம், காலை வெயிலின் பளபளப்பில் மங்கிவிடுகிறது.

ஆனால் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது வேறொரு பயன். இருவர் சேர்ந்து பழகும்போது படகுக்காரரைவிடத் துணையாக வருபவருக்குத்தான் மிதவை அதிகம் உதவுகிறது. குளத்தில் பக்கத்துத் தடத்தில் நீந்துகிறவரைத் தொலைக்க வழியே இல்லை. கடலில் அரை மீட்டர் அலை இருவருக்கும் நடுவே எழுந்தாலே போதும், பத்தடி தூரத்தில் இருப்பவர் மறைந்துவிடுவார். தொலைத்தவர் நின்று, தலையைத் தூக்கி, நான்கு பக்கமும் தேடுவதற்குள் மற்றவர் இன்னும் விலகியிருப்பார். மிதவை அலையின் முகட்டில் ஏறி நிற்பதால், மூச்சுக்கு முகத்தைத் திருப்பும்போதே அதன் நிறம் கண்ணோரத்தில் பட்டுவிடுகிறது. நான் வலப்பக்கம் மூச்சு வாங்குகிறவள், தோழி இடப்பக்கம். அவள் எனக்கு வலப்புறத்தில் வந்தால் இருவரும் தனியாக முயலாமலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். துணையைத் தேடித் தலை தூக்குவது குறைந்ததால் கழுத்து வலியும் குறைந்தது. கரையில் உள்ள அடையாளத்தைப் பார்ப்பதற்கு மட்டும் எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை தலையை உயர்த்துகிறோம்.

வேகம் ஒத்துப்போகாத இணைகளுக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. தோழி என்னைவிட விரைவானவள்; முன்பெல்லாம் அவள் முன்னே போய் நின்று, குளிர்ந்து, சலித்துக்கொண்டு காத்திருப்பாள். இப்போது தண்ணீர்ப் புட்டிகள், செருப்பு, துண்டு எல்லாமே அவள் மிதவையில் போகின்றன. காலியான மிதவையின் இழுவை உடலுக்கு ஏறக்குறையத் தெரியாது. சுமை ஏறிய மிதவை நீரில் சற்று அமிழ்ந்து இழுக்கும். அந்த வேறுபாடு எங்கள் இருவரையும் ஏறத்தாழ ஒரே வரிசையில் வைக்கிறது. சுமை இருப்பதால் பக்கவாட்டுக் காற்றிலும் மிதவை அலைபாயாமல் பின்னால் நேராக வருகிறது என்பது எதிர்பாராத ஆதாயம். என் காலியான மிதவையோ காற்று எழுந்தால் தோளுக்குப் பக்கத்தில் வந்து கைவீச்சில் அடிபடுகிறது. கயிற்றின் நீளத்தைக் குறைத்து, மிதவை தொடைக்கு மேலே வரும்படி கட்டினால் இது ஓரளவு சரியாகும், முழுக்கச் சரியாகாது.

அலை உடையும் பகுதியில் மிதவை இடைஞ்சல்தான். கட்டிக்கொண்டு அப்படியே அலைக்குள் ஓடினால், கயிறு காலைச் சுற்றும். திரும்பி வரும்போது பின்னால் வரும் அலை மிதவையை நமக்கு முன்னே எறிந்து, இடுப்பை வெடுக்கென்று இழுக்கும். கையில் பிடித்தபடி அலைக்கு அடியில் புகுந்து, அந்தப் பகுதியைத் தாண்டிய பிறகே பின்னால் விட வேண்டும். திரும்பும்போதும் அலை உடையும் இடத்துக்கு முன்பே கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இடுப்புப் பட்டையின் கொக்கி ஒரே கையால், கண்ணால் பார்க்காமல், அவிழக்கூடியதாக இருக்கிறதா என்பதைக் கரையிலேயே சோதித்துப் பாருங்கள். கயிறு வலையில் மாட்டினால் அவிழ்த்துவிட்டு வெளியேறுவதுதான் ஒரே வழி. எங்கள் கொக்கி இதில் தேறியது. ஒட்டிப் பிரிக்கும் வகைப் பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மணல் புகுந்தால் பிடிப்பு போய்விடும்.

பட்டையின் துணி முரடானது. உப்பு நீரில் ஓரிரு மணி நேரம் போனால் இடுப்பெலும்பின் மேல் தோல் உரிகிறது. பட்டை படும் இடத்திலும் அக்குளிலும் வாசலைன் தடவிக்கொண்டால் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தக் கையாலேயே கண்ணாடியைத் தொட்டால் அன்று முழுக்க மங்கலாகத்தான் பார்க்க வேண்டும்.

உலர்ந்த அறை என்று விற்கப்படும் நடு அறையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வாயை மூன்று நான்கு சுற்றுச் சுருட்டி மூடினாலும், நெடுநேர நீச்சலுக்குப் பின் உள்ளே ஈரம் கசிந்திருக்கிறது. வண்டிச் சாவி, துண்டு ஆகியவற்றுக்குச் சரி. கைபேசியைத் தனியாக நீர்புகா உறையில் போட்ட பிறகே உள்ளே வைக்க வேண்டும். இதைவிடப் பெரிய குறை, நடுக்கடலில் அதைத் திறக்க முடியாதது. நெடுந்தூர நீச்சலில் அரை மணிக்கு ஒருமுறை மாவுச்சத்துக் கரைசலைக் குடித்துப் பழக வேண்டும். வயிறும் பயிற்சி பெற வேண்டிய உறுப்பு. புட்டியை எடுக்க அறையைத் திறந்தால் அடுத்த அலை உள்ளே போய்விடும். துணை இருந்தால் ஒருவர் மிதவையை உயர்த்திப் பிடிக்க மற்றவர் திறக்கலாம். நாங்கள் அதையும் விட்டுவிட்டு, மிதவையின் வெளிவளையத்தில் புட்டியின் கழுத்தைக் கயிற்றால் கட்டிவிடுகிறோம். திருகு மூடியைத் தவிர்த்து, அழுத்தினால் பீய்ச்சும் மூடியுள்ள புட்டியைப் பயன்படுத்தினால் நின்ற இடத்திலேயே மிதந்தபடி சில விநாடிகளில் குடித்து முடிக்கலாம். கட்டாத மூடி கடலோடு போய்விடும்.

பராமரிப்பில் இரண்டைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த காலையில் முழு இறுக்கத்தில் ஊதிய மிதவையை வெயிலில், அதிலும் மூடிய காருக்குள், அப்படியே விட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து இணைப்பு பிளக்கும். நீரிலிருந்து வந்ததும் காற்றைப் பாதியாவது இறக்கிவிட வேண்டும். அடுத்து, வால்வில் உப்பு படிந்தால் மூடி சரியாக உட்காராமல் காற்று மெல்ல இறங்குகிறது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தினால் சரியாகிறது. வால்வு பழுதானால் தனியே வாங்க எங்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இருவருக்கு ஒரு மிதவை போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. ஒருவரிடம் மட்டும் இருந்தால், மற்றவர் அலைக்குள் மறையும்போது தேட எதுவும் இல்லை. அதோடு, இருவரும் ஒரே மிதவையைப் பிடித்துத் தொங்கினால் அது அமிழ்ந்து இருவருக்குமே சரியாக உதவாமல் போகலாம். கடையில் இதன் விலை ஏறக்குறைய ஒரு நல்ல நீச்சல் கண்ணாடியின் விலைதான் என்பதால் ஆளுக்கொன்று வாங்குவது பெரிய செலவும் அன்று. குளத்தில் மட்டும் நீந்துகிறவர்களுக்கும், துணைப் படகு எப்போதும் கிடைக்கிறவர்களுக்கும் இது தேவையில்லை. வாங்குகிறவர்கள் கூடவே வரும் இழுகயிற்றை நம்ப வேண்டாம். எங்களுடையது கொக்கி உரசும் இடத்தில் நார் நாராகப் பிரியத் தொடங்கியதும், வலைச் சாமான் விற்கும் கடையில் மெல்லிய நைலான் கயிறு வாங்கி மாற்றிக்கொண்டோம். அது இன்னும் அப்படியே இருக்கிறது.