பாப் மார்ஷல் காட்டில் ஆறு நாள்: ஒரு குதிரைப் பயணச் சேவை பற்றிய மதிப்புரை

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பாப் மார்ஷல் வனப்பகுதிக்குக் குதிரையில் அழைத்துச் செல்லும் ஒரு சிறு நிறுவனத்துடன் சென்ற ஆகஸ்டில் நானும் என் மனைவியும் ஆறு நாள் பயணம் செய்தோம். சமையல் நன்றாக இருந்தது, கூடாரம் ஒழுகவில்லை. ஆனால் பொதுமக்களுக்குச் சொந்தமான காட்டுக்குள் பதினான்கு விலங்குகளோடு நுழைகிறவர்கள் வழியையும் தங்குமிடத்தையும் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. அதைக் குறித்தே எழுதுகிறேன்.

பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் விரிந்த இப்பகுதி 1964ஆம் ஆண்டு வனப்பகுதிச் சட்டத்தால் காக்கப்படுவது. உள்ளே வண்டிக்கும் இயந்திர ரம்பத்துக்கும் இடமில்லை. தடத்தின் குறுக்கே விழுந்த மரத்தைக்கூட இருவர் மாறி மாறி இழுக்கும் கைரம்பத்தால்தான் அறுக்கிறார்கள். எனவே அரிசி முதல் கூடாரம் வரை அனைத்தையும் கோவேறு கழுதைகளே சுமக்கின்றன. ஒரு குழுவில் 15 பேருக்கும் 35 விலங்குகளுக்கும் மேல் கூடாது. 1987இல் வகுத்த திட்டத்தின்படி காடு நான்கு வகை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு 640 ஏக்கருக்குள்ளும் மிதிபட்டுத் தேய்ந்துபோன முகாம் இடங்கள் எத்தனை இருக்கலாம், அவற்றில் புல்லற்ற மண் எவ்வளவு இருக்கலாம், ஒரு நாளில் பிற குழுக்களை எத்தனை முறை எதிர்ப்பட நேரலாம் என ஒவ்வொரு மண்டலத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று கேட்காமல், எவ்வளவு மாற்றத்தை இந்த நிலம் தாங்கும் என்று கேட்ட அந்தத் திட்டத்தின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

நாங்கள் பெஞ்ச்மார்க் என்னும் தொடக்க இடத்திலிருந்து சன் ஆற்றின் தென்கிளை வழியாக, சைனீஸ் வால் (சீனச் சுவர்) எனப்படும், ஏறத்தாழ 1,000 அடி உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மதிலை நோக்கிச் சென்றோம். முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். தடத்தில் சேறு வந்த இடங்களில் எங்கள் குதிரைகள் ஓரமாக ஒதுங்கப் பார்த்தபோது, வழிகாட்டி அதை அனுமதிக்காமல் சேற்றின் நடுவிலேயே எங்களை நடத்தினார். ஒவ்வொரு குழுவும் ஓரம் ஒதுங்கினால் ஒற்றைத் தடம் மூன்று நான்காகக் கிளைத்துப் புல்வெளியைத் தின்றுவிடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். களை விதையற்றது எனச் சான்று பெற்ற தீவனத்தைக் காட்டில் மட்டுமன்றி, புறப்படுவதற்குச் சில நாள் முன்பிருந்தே ஊட்டியிருந்தார்கள். நாப்வீட் போன்ற அயல்களைகளின் விதை சாணத்தோடு உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காக. இவை விளம்பரத்தில் வராத வேலைகள்.

மூன்றாம் நாள் தங்குவதாக இருந்த புல்வெளியில், எங்களுக்கு முன் வந்த குழுவின் விலங்குகள் புல்லை அடியோடு மேய்ந்திருந்தன. அருகிலேயே எவர் காலும் படாத அழகிய ஓடைக்கரை இருந்தது. களைத்திருந்த எங்களில் சிலர் அங்கேயே இறங்கிவிடலாம் என்றோம். வழிகாட்டி மறுத்து, மேலும் ஒரு மணி நேரம் நடத்தி, ஓடையிலிருந்து 200 அடிக்கு அப்பால், ஏற்கெனவே மண் இறுகிப்போன பழைய தங்குமிடம் ஒன்றுக்கு முகாமை மாற்றினார். அது சரியான முடிவு. கன்னி நிலத்தில் முதல் சில இரவுகளே பெரும்பகுதிச் சேதத்தைச் செய்துவிடும். அந்த உயரத்தில் அது ஆற ஆண்டுகள் பல ஆகும். பழைய இடத்தில் இன்னோர் இரவு கூடினால் அந்த அளவுக்குக் கேடு இல்லை. இரவில் விலங்குகளை மரத்தில் நேரடியாகக் கட்டாமல், பட்டை உரியாதபடி இரு மரங்களில் அகலமான வாரைச் சுற்றி, தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய கயிற்றில் கட்டினார்கள். சிலவற்றுக்குக் கால்தளையிட்டு மேயவிட்டார்கள். கரடிகள் உள்ள காடு என்பதால் தீவனமும் எங்கள் உணவைப் போலவே எட்டாத உயரத்தில் தொங்கியது.

குறையும் உண்டு. ஐந்தாம் நாள் காலை பொதியேற்றும் அவசரத்தில் நான்கு கோவேறு கழுதைகளை இளம் ஊசியிலை மரங்களில் நேரே கட்டிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் அவை குளம்பால் தோண்டி வேர்களை வெளியே கொண்டுவந்துவிட்டன. உதவியாளர் குழியை மூடினார். ஆயினும் அறுந்த வேர் அறுந்ததே. பயணம் தொடங்குமுன் அனுப்பிய குறிப்பில் முகாம் இடம் மாறக்கூடும் என்று ஒரு வரிகூட இல்லாததால், அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு மூட்டுவலியுள்ள ஒரு பயணி ஆயத்தமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். இத்தகைய பயணத்துக்குப் பதிவு செய்பவர்கள், விலங்குகள் இரவில் எங்கே நிற்கும், நினைத்த இடத்தில் புல் இல்லையென்றால் எங்கே போவீர்கள் என்ற இரண்டையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.