அவென்யூ ரோட்டுப் பைண்டிங் கடையும் அப்பாவின் நோட்டும்

அவென்யூ ரோட்டில் பாடப்புத்தகக் கடைகளைத் தாண்டி ஒரு சந்துக்குள் திரும்பினால், மாடிப்படிக்கு அடியில் பைண்டிங் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, பசை வாசனைதான் அடையாளம். பழைய தாள்களைக் கட்டித் தரப் பெங்களூரில் ஆள் தேடுகிறவர்கள் தாராளமாக அங்கே போகலாம். ஓரம் வெட்டும்போது மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நான் கொண்டுபோனவை அப்பா விட்டுச் சென்ற தாள்கள். அடியில், பச்சையப்பன் கல்லூரியில் படித்த காலத்தில் அவர் எழுதிய தமிழ் வகுப்பு நோட்டு. பாடம் நடத்தியவர் க. அன்பழகன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் முதுகலை முடித்து, 1944இல் பச்சையப்பனில் விரிவுரையாளராகச் சேர்ந்தவர். 1957 தேர்தலில் எழும்பூரில் வென்று சட்டமன்றத்துக்குப் போனவர். அப்பா வேலை கிடைத்து அல்சூருக்குக் குடிவந்த பிறகும், தம் ஆசிரியரைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் கத்தரித்து, ஓரத்தில் தேதி எழுதி வைப்பார். கல்வி அமைச்சரானது, இலங்கைத் தமிழர்களுக்காக 1983இல் சட்டமன்றப் பதவியைத் துறந்தது, 2006இல் நிதி அமைச்சரானது எல்லாம் அதில் உண்டு. 2020 மார்ச்சில் வந்த மறைவுச் செய்தியை மட்டும் நான் கத்தரித்துச் சேர்த்தேன்.

கடைக்காரப் பெரியவர் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “நோட்டு வேறு, பேப்பர் வேறு. அளவும் ஒத்துவராது. தனித்தனியாகக் கட்டட்டுமா அம்மா?” என்று கேட்டார். கூடாது என்றேன். நானும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். எத்தனை முறை அமைச்சரானாலும் அவரை எல்லோரும் ‘பேராசிரியர்’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெயர் பிறந்த இடம் இந்த நோட்டில் இருக்கும்போது, அதை எப்படித் தனியே பிரிப்பது?

பெரியவருக்குப் புரிந்தது. செய்தித் துண்டுகளை நோட்டின் அளவுக்குக் கனத்த தாளில் ஒட்டினார். பின் அடிக்காமல் நூலால் தைத்தார். பூச்சி அண்டாதபடி மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தார். முதுகுக்குக் காலிகோ துணி. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கை வைத்து அழுத்தாமலே விரிந்து கிடக்கிறது. கூலி 650 ரூபாய். இந்த வேலைக்கு அது குறைவு. பத்து நாளில் தருவதாகச் சொன்னது மூன்று வாரமானது.

ஒரு குறை எனக்கு மிகவும் வலித்தது. கடைப் பையன் ஓரம் வெட்டியபோது, எழும்பூர் வெற்றிச் செய்தியின் பக்கவாட்டில் அப்பா எழுதியிருந்த தேதியும் சேர்ந்து போய்விட்டது. கடையிலேயே அழுதுவிட்டேன். பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் கழிவுத் தாள் சாக்கைத் தரையில் கொட்டி, அரை மணி நேரம் துழாவி, விரல் அகலக் கீற்று ஒன்றை எடுத்து வந்து ஒட்டினார். 1957இல் அந்த 7 மட்டும் சற்றுச் சரிந்து நிற்கிறது.