வெம்பன்யாமாவா, ஹோம்கிரனா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவில் என்பிஏ கூடைப்பந்து லீக்கின் இரவு ஆட்டம் தொடங்கும்போது நமக்குப் பொழுது விடிகிறது. அதை அதிகாலையில் பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் பையன்கள், பந்தைத் தொடும் முன்பே கேட்டுவிடுவார்கள்: "சார், விக்டர் வெம்பன்யாமாவா, செட் ஹோம்கிரனா?"

பாரிசில் இருக்கும் என் அக்காவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு, பிரான்சுக்காரரான விக்டர் வீட்டுப் பிள்ளை. எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் பாசத்தை வைத்து ஆட்டக்காரரை எடைபோட முடியாது.

இருவரும் ஏழடிக்கு மேல் உயரம், ஒல்லியான உடல். அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில், 2022இல் ஓக்லஹோமா சிட்டி அணி இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த ஹோம்கிரன், காலில் அடிபட்டு முதல் ஆண்டு முழுவதும் வெளியே இருந்தார். விக்டரை 2023இல் முதல் ஆளாக சான் அன்டோனியோ அணி எடுத்தது. ஆகவே 2023-24 பருவத்தில்தான் இருவருமே அறிமுகமானார்கள். ஒப்பிட இதைவிட நல்ல தராசு இல்லை. ஆட்டத்துக்குச் சராசரியாக விக்டர் 21.4 புள்ளி, 10.6 ரீபவுண்டு (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுவது), 3.6 பிளாக் (எதிராளியின் எறிதலைத் தட்டித் தடுப்பது), ஹோம்கிரன் 16.5, 7.9, 2.3. சிறந்த புதுமுக விருதுக்கான முதலிட வாக்குகள் அத்தனையும் விக்டருக்கே.

எண்களோடு நின்றால் ஹோம்கிரனுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். சான் அன்டோனியோ அந்தப் பருவத்தின் 82 ஆட்டங்களில் வென்றது 22, ஓக்லஹோமா 57. ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் பந்தைக் கொண்டுவரும் அணியில் ஹோம்கிரனுக்குக் குறைவான வாய்ப்புகளே வரும். வந்ததை அவர் வீணாக்கவில்லை: மூன்று புள்ளி எறிதலில் 37 சதவீதம். விக்டர் 33ஐத் தொடவில்லை.

தடுப்பாட்டத்தில்தான் எனக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஹோம்கிரன் சரியான இடத்தில் நின்று, சரியான நொடியில் எம்புகிறார். விக்டரோ எதிராளி முடிவெடுக்கும் முன்பே அந்த முடிவை மாற்றிவிடுகிறார். ரிங்கை நோக்கி விரைந்து வந்தவர், அந்தக் கைகளைப் பார்த்ததும் பந்தோடு வெளியே திரும்பிவிடுகிறார். இது பிளாக் கணக்கில் ஏறாது. ஒரே இரவில் இப்படி ஏழெட்டு முறை நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெரிய மேடையிலும் இருவரும் கலங்கவில்லை. 2024 ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அமெரிக்காவுக்கு எதிராக 26 புள்ளி எடுத்தபோது விக்டருக்கு வயது 20. 2025 என்பிஏ இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் 18 புள்ளி, 5 பிளாக் என்று ஹோம்கிரன் நின்றார். கோப்பை ஓக்லஹோமாவுக்கு வந்தது.

எனக்குப் பயமெல்லாம் உடம்பைப் பற்றித்தான். 2024-25இல் ஹோம்கிரன் இடுப்பெலும்பு முறிந்து 32 ஆட்டங்களே ஆடினார். விக்டருக்குத் தோளில் இரத்தம் உறைந்து 46 ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் பயிற்சியில் என் மனம் நிற்கவே இல்லை.

ஓர் அணியைப் புதிதாகக் கட்டச் சொன்னால் விக்டரைத்தான் எடுப்பேன். ஹோம்கிரன் எவ்வளவு தூரம் போவார் என்பதை ஓரளவு கணிக்க முடிகிறது. நல்ல அணியில் பத்து ஆண்டுகள் தூணாக நிற்பார். விக்டரின் எல்லை இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரே குறை, 2024-25இல் ஆட்டத்துக்கு ஒன்பது முறைக்கு அருகில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். அந்த உயரத்தோடு ரிங்குக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பது எதிரணிக்குக் கொடுக்கும் சலுகை.

என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். கொக்கு மாதிரி வளர்ந்துவிட்டான். அவனுக்கு விக்டர்தான் எல்லாம். ஆனால் நான் அவனுக்குப் போட்டுக்காட்டுவது ஹோம்கிரனின் ஆட்டங்களை. எட்டடிக் கைவீச்சை யாரிடமும் கற்க முடியாது. கால்களை எங்கே வைக்கிறார், கைகளை நேராக உயர்த்தி ஃபவுல் வாங்காமல் எப்படி எம்புகிறார் என்பதைக் கற்கலாம். போன வாரம் மூன்று முறை சரியாகச் செய்துவிட்டான்.