வினைலா, ரப்பர் ஸ்ப்ரேயா? உரிக்கும்போது தெரியும்

வெள்ளைக் கார் வாங்கி மூன்று வருஷம் ஆனதும் மேட் கிரே மேல் ஆசை வரும். பெயின்ட் அடித்துவிட்டால் பழைய நிறத்துக்குத் திரும்ப வழியில்லை. அதனால்தான் வினைல் ரேப் (காரின் மேல் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிம்), ரப்பர் ஸ்ப்ரே என்று உரித்தெடுக்கும் சமாச்சாரங்களைத் தேடிப் போகிறோம். கடைக்காரர் ஒட்டிய அன்று எடுத்த படத்தைத்தான் காட்டுவார். உரித்த அன்று எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதலில் ஸ்ப்ரே. பிளாஸ்டி டிப் என்பது கட்டிங் பிளேயர் போன்ற கருவிகளின் கைப்பிடியை முக்கி எடுக்க வந்த ரப்பர் திரவம். அதையே காரில் தெளிக்கிறார்கள். இடுக்கு, வளைவு எல்லாவற்றிலும் சீராக ஏறுவதால் வீல், கிரில், லோகோவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கோட் கணக்கில் கஞ்சத்தனம் கூடாது. ஐந்தாறு கோட் ஏறியிருந்தால் பாலாடை மாதிரி ஒரே ஏடாக வரும். இரண்டே கோட் என்றால் பொடிப்பொடியாகப் பிய்யும்; நகத்தால் சுரண்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பங்கில் பெட்ரோல் வழிந்தாலும் டேங்க் மூடியைச் சுற்றி இளகிவிடும்.

வினைலில் இரண்டு ஜாதி உண்டு. காஸ்ட் ரகம், திரவத்தை ஊற்றிக் காயவைத்துச் செய்வது. சுமார் 50 மைக்ரான்தான் கனம். காலண்டர்டு ரகம், உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துச் செய்வது. இழுத்தது சும்மா இருக்குமா? வெயில் பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். பம்பர் ஓரத்தில் சுருங்கி, வெளியே தெரியும் பசையில் தூசி படிந்து கறுப்புக் கோடு விழும். விலை குறைவு என்று இதை முழு காருக்கும் ஒட்டுவது வீண் செலவு.

பிளேடு இன்னொரு தலைவலி. ஃபிலிமை காரின் மேலேயே வைத்து அறுத்தால் அடியில் பெயின்டில் கீறல் விழும், உரிக்கும்வரை தெரியாது. நூல் வைத்த டேப்பை முதலில் ஒட்டி, நூலை இழுத்து ஃபிலிமை வெட்டும் முறை உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், டிங்கரிங் செய்து மறுபடி பெயின்ட் அடித்த பாகத்தில் யோசித்து ஒட்டுங்கள். என் காரின் இடது பின்கதவு அப்படிப்பட்டது. உரிக்கும்போது சூடான காற்றடிக்கும் ஹீட் கன் காட்டி மெதுவாகத்தான் இழுத்தார்கள், இருந்தும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது. கம்பெனி பெயின்ட் இருந்த மற்ற கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் கணக்கு இதுதான்: முழு காருக்கு காஸ்ட் வினைல், வீலுக்கு ஸ்ப்ரே. போனட்டும் கூரையும்தான் வெயிலில் முதலில் அடிவாங்கும். ஃபிலிம் மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டால் பசை காரிலேயே தங்கிவிடும்.

முழு காரின் நிறத்தை எதனால் மாற்றினாலும் ஆர்.சி.யில் நிறத்தை மாற்ற ஆர்.டி.ஓ. போக வேண்டும். ஆலிவ் பச்சை மட்டும் வேண்டாம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-வது விதிப்படி அது பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கான நிறம். கடையில் அந்த ரோலும் இருக்கும், விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.